கட்டைவிரல் விழுந்த படம்

அவருக்கு அம்மாவும் அப்பாவும் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்று கையை விரித்துவிடுவார்கள். 'ஸ்டுடியோ வீடு எது?' என்று கேளுங்கள், வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். அந்த ஸ்டுடியோவை இழுத்து மூடி வருஷக்கணக்கில் ஆகிவிட்டது. இப்போது அவர் அரசு வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில், செடிநோய்ப் பிரிவின் புகைப்படக்காரர். ஆனாலும் ஒட்டிக்கொண்ட பெயர் போகவில்லை. கோபம் வந்தால் அவர் மனைவியே, "என்ன ஸ்டுடியோ, நான் கத்தறது காதுல விழலையா?" என்றுதான் கேட்பாள்.

அவரிடம் ஒரு குணம் உண்டு. அழகில்லாத படம் அவர் கையைவிட்டு வெளியே போகாது. ஸ்டுடியோ நடந்த நாட்களில், ஏதோ விண்ணப்பத்தில் ஒட்டச் சின்னதாக ஒரு படம் வேண்டும் என்று அவசரமாக ஓடி வருகிறவரைக்கூட, தலையைச் சீவுங்கள், தோளை இறக்குங்கள், தாடையைக் கொஞ்சம் தூக்குங்கள் என்று பாடாய்ப் படுத்திவிட்டுத்தான் அனுப்புவார். சுவரோரம் துணிச் சுருள்கள் வரிசையாகத் தொங்கும். வந்தவர் என்ன உடுத்தியிருக்கிறார் என்று ஒரு பார்வை பார்ப்பார், அதற்கு எடுப்பாக நிற்கிற துணியை இறக்கிவிடுவார். வெளுத்த சட்டைக்குக் கறுப்பு, மஞ்சள் உடுப்புக்கு நீலம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. "மூஞ்சி அவங்க கொண்டு வர்றது. பின்னாடி துணி நான் குடுக்கறது" என்று பெருமையடித்துக்கொள்வார். சும்மா சொல்லக் கூடாது, அவர் எடுத்த படத்தில் எப்பேர்ப்பட்ட சிடுமூஞ்சியும் சாதுவாகத்தான் இருப்பார்.

பிறகு எல்லோர் கையிலும் ஃபோன் வந்தது. அவரவர் படத்தை அவரவரே எடுத்துக்கொண்டார்கள். ஸ்டுடியோ அதற்காகத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்காரவில்லை. ஆராய்ச்சி நிலையத்துக்குப் புகைப்படக்காரர் தேவை என்ற விளம்பரம் கண்ணில் பட்டதும், இருக்கிற சட்டையில் நல்லதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டார்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் செடிநோய்ப் பிரிவின் தலைவி. நிலையத்தில் எல்லோருக்கும் அவர் டாக்டரம்மா. செடிகளுக்கு டாக்டர்.

"இதுக்கு முன்னாடி செடியைப் படம் எடுத்திருக்கீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"கல்யாணப் பொண்ணுங்களை எடுத்திருக்கேன். செடி அவ்வளவு அசையாதுன்னு நினைக்கிறேன்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். வேலை கிடைத்துவிட்டது.

அப்படித்தான் ஸ்டுடியோ இலைகளுக்குப் படம் எடுக்க ஆரம்பித்தார். முதல் வாரமே ஒரு கூத்து. சாம்பல் நோய் வந்த தக்காளி இலை ஒன்றைக் கொடுத்து எடுக்கச் சொன்னார்கள். இலைமேல் மாவு தூவின மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. இவர் ஈரப் பஞ்சால் அதை நன்றாகத் துடைத்து, பளபளவென்று ஒரு படம் எடுத்துக் கொண்டுபோய் நீட்டினார்.

"ஸ்டுடியோ சார், அந்த வெள்ளைதான் நோய். நோயையே துடைச்சுப் போட்டுட்டீங்களே!" என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சிருந்தா எல்லார் தோட்டத்துலயும் போய்த் துடைச்சு விட்டிருப்பேனே மேடம்" என்றார் இவர்.

அன்றிலிருந்து எது நோய், எது தூசி என்று கேட்டுக் கேட்டு எடுத்தார். அந்த வேலை அவருக்குப் பிடித்துப்போனது. நிலையமே பிடித்துப்போனது. கண்ணாடிக் கூடங்களின் உள்ளே சூடான ஈரக் காற்று. சோதனை வயல்களில் கம்பங்கள், காற்றையும் மழையையும் அளந்துகொண்டே இருக்கும். மண்ணில் செருகிவைத்த கருவிகள், 'இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்' என்று விவசாயிகளின் ஃபோனுக்குச் சேதி அனுப்பும். காலையில் வாசலில் விவசாயிகள் கையில் ஓர் இலையோ வேரோ வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வந்த மாதிரி வரிசையாக நிற்பார்கள். எல்லாம் இலவசம். மனைவியிடம் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: "இங்க எதையும் விக்கறதில்ல, தெரியுமா? அதனாலதான் உண்மையைச் சொல்ல முடியுது."

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. செடியில் ஒரு புள்ளி தெரிந்தால் விவசாயிகள் முதலில் ஓடுவது மருந்துக் கடைக்குத்தான். கடைக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் 'ஒன்றும் தேவையில்லை, வீட்டுக்குப் போங்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவர் கடை எப்படி நடக்கும்? ஏதாவது ஒரு பாட்டில் கைமாறும். அது செடியில் விழும், மண்ணில் இறங்கும், கடைசியில் நம் தட்டுக்கும் வரும். இதை மாற்றத்தான் நிலையம் ஒரு ஃபோன் செயலி செய்யத் தொடங்கியது. இலையைப் படம் எடுத்தால் என்ன நோய் என்று சொல்லும். நோய் இல்லையென்றால், மருந்து எதுவும் வேண்டாம் என்றும் சொல்லும்.

செயலியைச் செய்தவர் கணினிப் பிரிவிலிருந்து வந்த ஒரு பெண்மணி. எல்லோரும் கம்ப்யூட்டர் மேடம் என்பார்கள். "ஒரு நோய்க்கு ஆயிரக்கணக்குல படம் வேணும் சார். அதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் மெஷின் கத்துக்கும்" என்றார்.

மெஷினுக்குப் பாடம் நடத்துவதே தன் படங்கள்தான் என்று கேட்டதும் ஸ்டுடியோவைக் கையில் பிடிக்க முடியவில்லை. வீட்டுப் பரணிலிருந்து பழைய துணிச் சுருள்களை இறக்கித் துவைத்து, இஸ்திரி போட்டு எடுத்துவந்தார். பழுப்புப் புள்ளி விழுந்த கருகல் நோய் இலைக்கு வெள்ளைத் துணி. வெள்ளை படிந்த சாம்பல் நோய்க்குக் கறுப்பு. மஞ்சளடித்துச் சுருண்ட இலைச்சுருட்டை நோய்க்கு நீலம். நோயில்லாத பச்சை இலைக்கு இளஞ்சிவப்பு. ஒவ்வோர் இலையையும் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல் உட்கார வைத்து எடுத்தார். டாக்டரம்மா படங்களைப் பார்த்து ஆஹா என்றார். இயக்குநர் வந்து பார்த்துவிட்டு, நாலைந்து படங்களைச் சட்டம் போட்டு நடைகூடத்தில் மாட்டச் சொன்னார். கம்ப்யூட்டர் மேடம் சோதித்துப் பார்த்தார். ஸ்டுடியோ எடுத்த படங்களிலேயே மெஷின் பார்க்காதவற்றைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருந்து கேள்வி கேட்டார். நூற்றுக்கு நூறு, ஒன்றுகூடத் தப்பவில்லை. அன்று பிரிவில் எல்லோருக்கும் கேக் வெட்டினார்கள்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஸ்டுடியோவின் கூடப் பிறந்த அக்கா. நிலையத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் தக்காளித் தோட்டம். மாமா விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிற வேலையைப் பார்த்துக்கொள்வார், தோட்டத்தில் அக்கா வைத்ததுதான் சட்டம். சட்டைக் கை மடித்துவிட்டு அவர் வரப்பில் நடந்துவந்தால் வேலையாட்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்துகொள்வார்கள். தம்பிக்கு இந்த வேலை கிடைத்தபோது, "மனுஷங்க சிரிக்கறதை எடுத்துட்டிருந்தவன், இனிமே செடிங்க அழறதை எடுக்கப் போறியா?" என்று கேட்ட வாய் அது.

செயலியை வெளியே விடுவதற்கு முன்னால் சில விவசாயிகளிடம் கொடுத்துப் பார்க்க நிலையம் முடிவு செய்தது. ஸ்டுடியோ முதலில் அக்காவின் பெயரைத்தான் கொடுத்தார். தானே போய் அக்காவின் ஃபோனில் அதைப் போட்டும் கொடுத்தார்.

"எனக்கு இதெல்லாம் வேண்டாம்டா. கடைக்காரர் சொல்றதே போதும்."

"அக்கா, இது என் படத்தைப் பார்த்துப் படிச்ச மெஷின். நான் சொல்றேன், கண்ணை மூடிட்டு நம்பு."

அக்கா நம்பினார். அதுதான் வினையாகப் போயிற்று.

ஒரு நாள் முற்பகலில் அக்காவிடமிருந்து ஃபோன். "டேய், கீழ் இலையெல்லாம் மஞ்சளா இருக்கேன்னு உன் மெஷின்ல பார்த்தேன். இலைச்சுருட்டை நோயாம். செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்தணுமாம். பிடுங்கிட்டிருக்கேன்."

வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஸ்டுடியோவுக்கு அந்த நிமிஷம் வந்தது பெருமைதான். மெஷின் முதல் நோயைப் பிடித்துவிட்டது, அதுவும் தன் அக்காவின் தோட்டத்தில்! டாக்டரம்மாவின் அறைக்கு ஓடிப்போய் மூச்சு வாங்கச் சொன்னார். டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"சுருட்டையா? அதை வெள்ளை ஈ இல்ல பரப்பணும்? அந்தப் பக்கம் நாம வெச்ச பொறி எதுலயும் இந்த மாசம் வெள்ளை ஈயே விழலையே. வண்டியை எடுக்கச் சொல்லுங்க. அக்காவை நிறுத்தச் சொல்லுங்க, உடனே!"

அக்கா ஃபோனை எடுக்கவில்லை. கையில் மண், எப்படி எடுப்பார்? இவர்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு வரிசை செடிகள் வரப்போரம் குவிந்து கிடந்தன. எல்லாவற்றிலும் பச்சைக் காய், கொத்துக் கொத்தாக. டாக்டரம்மா ஓடிப்போய் ஓர் இலையைப் பறித்துத் திருப்பிப் பார்த்தார். வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"நிறுத்துங்கம்மா. இது சுருட்டை இல்ல. நோயே இல்ல. மக்னீசியச் சத்து குறைஞ்சிருக்கு. நரம்பு பச்சையா இருக்கு, நடுவுலதான் மஞ்சள், பாருங்க. அந்தச் சத்தைக் கரைச்சுத் தெளிச்சா புது இலை பச்சையாவே வரும்."

அக்கா கையில் பிடுங்கிய செடியோடு அப்படியே நின்றார். அக்கா கத்துவார், ஒரு பிடி பிடிப்பார் என்று ஸ்டுடியோ முதுகைக் காட்டத் தயாராகத்தான் இருந்தார். அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"நான் ஃபோனை நம்பலடா. உன்னை நம்பினேன்" என்று மட்டும் சொன்னார்.



கூட வந்த கம்ப்யூட்டர் மேடம் அக்காவின் ஃபோனைக் கேட்டு வாங்கினார். அக்கா எப்படி எடுத்தாரோ அப்படியே எடுக்கச் சொன்னார். அக்கா இலையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து எடுத்தார். 'இலைச்சுருட்டை நோய்' என்றது செயலி. இன்னொரு செடியிலிருந்து நல்ல பச்சை இலை ஒன்றைப் பறித்து அதே மாதிரி எடுத்தார்கள். 'இலைச்சுருட்டை நோய்.' மேடத்துக்கு என்ன தோன்றியதோ, இலையே இல்லாமல் அக்காவின் சட்டையை மட்டும் ஒரு படம் எடுத்தார்.

'இலைச்சுருட்டை நோய். செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்தவும்.'

அக்கா வேலைக்கு எப்போதும் போடுகிற நீலச் சட்டை அது.

ஸ்டுடியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. நீலம்! சுருட்டைக்கு நீலத் துணி. கருகலுக்கு வெள்ளை. சாம்பலுக்குக் கறுப்பு. மெஷின் ஓர் இலையைக்கூடப் பார்க்கவில்லை. இலைக்குப் பின்னால் தொங்கிய துணியைப் பார்த்தே பாடம் படித்திருக்கிறது. பரீட்சைக்கு வைத்த படங்களிலும் அதே துணிகள், பிறகு நூற்றுக்கு நூறு வராமல் என்ன செய்யும்? உலகத்தில் வேறு எந்தப் புகைப்படக்காரரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார். நோய்க்கு நோய் துணி மாற்றிப் போட ஒரு ஸ்டுடியோக்காரன்தான் வேண்டும்.

நிலையத்துக்குத் திரும்பியதும் அவர் நேராக டாக்டரம்மாவிடம் போனார். "நான் வேலையை விட்டுடறேன் மேடம்."

"விட்டுட்டுப் போனா அந்தத் துணியை யார் கழட்டறது?" என்றார் டாக்டரம்மா. குரலில் எரிச்சல் இருந்தது. "உட்காருங்க. படம் எடுத்தது நீங்க. பார்த்து ஆஹான்னு சொன்னது நான். உங்க படத்தை வெச்சே உங்க படத்தைச் சோதிச்சது கம்ப்யூட்டர் மேடம். நடைகூடத்துல மாட்டச் சொன்னது இயக்குநர். எத்தனை பேர் வேலையை விடறது?"

இயக்குநரைப் பற்றி ஒரு வார்த்தை. மூடி மறைக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் அவரால் முடிந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. செயலியைப் போட்டுக்கொண்ட ஒவ்வொரு விவசாயியையும் நேரில் பார்த்து, இது தப்பாகச் சொல்கிறது, நம்பாதீர்கள் என்று சொல்லிவிட்டு வரச் சொன்னார். அக்காவின் தோட்டத்தில் பிடுங்கிய இடத்துக்கு நிலையத்தின் நாற்றங்காலிலிருந்து நாற்று போனது. "அடுத்த நடவு வரைக்கும் பார்ப்போம். அப்பவும் சரியா வரலைன்னா இதை மூட்டை கட்டி வெச்சிடலாம். அரைகுறையான மெஷினைக் குடுக்கறதுக்கு மருந்துக் கடையே மேல்" என்றார்.

ஆக, இருந்தது ஒரே ஒரு பருவம். அதற்குள் செயலி தேறவில்லையென்றால் அந்த வட்டார விவசாயிகள் பழையபடி பாட்டிலுக்குத்தான் போவார்கள். நிலையம் சொன்னால் நம்பலாம் என்ற பேச்சும் போய்விடும். ஸ்டுடியோவுக்கு இவற்றோடு இன்னொரு கவலையும் இருந்தது. அக்கா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

துணிகள் பரணுக்குப் போயின. வயலில், வெயிலில், செடியில் இருக்கிறபடியே படம் வேண்டும் என்றார் மேடம். "அழகா வேண்டாம் சார். விவசாயிங்க எடுக்கற மாதிரி வேணும். கொஞ்சம் மோசமா எடுங்க."

இவர் வாழ்நாளில் யாரும் இவரிடம் இப்படிக் கேட்டதில்லை. முயன்று பார்த்தார். கை கேட்க மாட்டேன் என்றது. கேமராவை ஆட்டி எடுக்க நினைத்தால் விரல் தானாக நிதானத்துக்கு வந்துவிடும். நிழலில் எடுக்கப் போனால் கால் தானாக நல்ல வெளிச்சம் பார்த்து நகர்ந்துவிடும். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து அன்றைய படங்களைப் பார்த்தால், ஒவ்வொன்றும் காலண்டரில் போடலாம் போல இருந்தது.

மனைவி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நம்ம கல்யாணமானதுலேர்ந்து நான் கண்ணை மூடின மாதிரி படம் ஒண்ணுகூட இல்ல. உங்களால எல்லாம் மோசமா எடுக்க முடியாது. எடுக்கத் தெரியாதவங்களைப் போய்ப் பாருங்க."

மறுநாள் அக்காவின் தோட்டத்துக்குப் போனார். அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டுக் களையெடுக்கத் திரும்பிவிட்டார். வா என்றும் இல்லை, போ என்றும் இல்லை. ஸ்டுடியோ வரப்பில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அக்கா மாமாவுக்குக் காட்டுவதற்காக ஏதோ ஓர் இலையைப் படம் எடுத்தார். ஒரு கையில் களைக்கொத்து, மண் அப்பிய இன்னொரு கையில் ஃபோன், சூரியன் நேர் எதிரே. காற்றில் இலை ஆடிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் பாதி லென்ஸை மறைத்திருந்தது.

ஸ்டுடியோ எழுந்தே விட்டார். "அக்கா! அதைக் குடு! அதை அழிச்சிடாதே!"

"ஏன், இதுலயும் என்ன குறை கண்டுபிடிக்கப் போறே?"

"குறை இல்லக்கா. இதுதான் வேணும். இந்த மாதிரி நீ எடுத்துக் குடுத்தாத்தான் மெஷின் உருப்படும். என்னால முடியல."

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தம்பியை மேலும் கீழுமாகப் பார்த்தார். "நல்லா எடுக்கத் தெரிஞ்சவன் கெடுத்ததை, எடுக்கத் தெரியாதவங்க வந்து சரி பண்ணணும். அப்படித்தானே?"

"ஆமாக்கா."

அக்காவுக்கு உதடு லேசாகக் கோணியது. அது சிரிப்பு என்று தம்பிக்குத் தெரியும். வாரக்கணக்கில் பார்க்காத சிரிப்பு.

அக்கா ஒரு வேலையில் இறங்கினால் அரைகுறையாக இறங்குகிறவர் இல்லை. சந்தையில் பார்த்தவர்களையெல்லாம் பிடித்துக்கொண்டார். "உங்க தோட்டத்துல என்ன கோளாறு இருந்தாலும் படம் எடுத்து என் தம்பிக்கு அனுப்புங்க. நல்லா எடுக்கணும்னு இல்ல. நல்லா எடுத்தா அவனுக்கு ஆகாது." படங்கள் வந்து குவிந்தன. ஆடிய படம், இருண்ட படம், தூசி படிந்த இலை, செருப்புக் காலோடு சேர்ந்த இலை, தலைகீழாக எடுத்த இலை. ஒன்றில் இலையே இல்லை, நாயின் வால் மட்டும் இருந்தது. ஸ்டுடியோ ஒவ்வொன்றையும் திறந்து, நெஞ்சு பதறப் பார்த்து, தேர்ந்தெடுத்தார். படம் வந்த தோட்டத்துக்கெல்லாம் டாக்டரம்மாவின் ஆட்கள் நேரில் போய் இலையைப் பறித்து வந்து, சோதனைக்கூடத்தில் பார்த்து, இன்ன கோளாறு என்று உறுதி செய்தார்கள். மக்னீசியக் குறைவுக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். சலிப்பான வேலைதான். வெயிலிலும் சேற்றிலும் அந்தப் பருவம் முழுக்க அதைச் செய்தார்கள். அரசாங்க வேலை என்றால் மின்விசிறிக்குக் கீழே தூங்குவது என்று கேலி பேசுகிறவர்கள் அந்த நாட்களில் ஒரு நடை வந்து பார்த்திருக்க வேண்டும்.

நாளடைவில் ஸ்டுடியோவுக்கு மோசமான படங்களில் ருசி வந்துவிட்டது. "மேடம், இதைப் பாருங்க! நிழலும் விழுந்திருக்கு, விரலும் விழுந்திருக்கு, ஃபோன்ல கீறல் வேற! அருமை!" என்று ஓடி வருவார். இந்த முறை கம்ப்யூட்டர் மேடம் பரீட்சையை வேறு மாதிரி வைத்தார். பாடத்துக்குப் படம் அனுப்பாத தோட்டங்களிலிருந்து வந்த படங்களை மட்டுமே கேள்வியாக வைத்தார். முதல் தடவை மெஷின் மண்ணைக் கவ்வியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. நூற்றுக்கு நூறு வரவில்லை. "வரவும் வராது. இந்த மார்க் உண்மையான மார்க்" என்று மேடம் தலை நிமிர்ந்து சொன்னார். டாக்டரம்மா தன் பங்குக்கு ஒரு பதிலைச் சேர்க்கச் சொன்னார். மெஷினுக்குச் சந்தேகம் என்றால், தெரியவில்லை என்று சொல்லிவிட்டு நிலையத்தைக் கூப்பிடச் சொல்ல வேண்டும்.

அடுத்த நடவு முடிந்து செடி இடுப்பளவு வந்த சமயத்தில், செயலியை எல்லோர் முன்னிலையிலும் வைத்துப் பார்க்க நாள் குறித்தார்கள். இடம் அக்காவின் தோட்டம். அக்காவேதான் அழைத்தார். சுற்றுவட்டார விவசாயிகள் வரப்பெல்லாம் நின்றார்கள். மருந்துக் கடைக்காரர்கூட ஓரமாக வந்து நின்றார். இயக்குநர் வந்தார். அன்றைக்குத் தப்பினால் மூட்டை கட்டுவதுதான், இரண்டு பேச்சு இல்லை.

அக்கா வீட்டுக்குள்ளிருந்து வந்தார். அக்கா அதே நீலச் சட்டையைப் போட்டிருந்தார். துவைத்து, இஸ்திரி போட்டு, கையைக்கூட மடிக்காமல்.

"என்னக்கா இது..." என்று ஸ்டுடியோ கிட்டே ஓடினார்.

"வேணும்னுதான் போட்டேன். தள்ளி நில்லு."

அக்கா நல்ல பச்சை இலை ஒன்றைப் பறித்தார். நீலச் சட்டைக்கு நேராக, நெஞ்சோடு வைத்துப் பிடித்தார். விரலைப் பற்றிக் கவலைப்படாமல் ஃபோனைத் தட்டினார். எதிரே இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தார்.

"நோய் எதுவும் இல்லை. மருந்து தேவையில்லை."

கூட்டத்தில் சலசலப்பு. அக்கா நிற்கவில்லை. தோட்டத்து மூலைக்குப் போய் மஞ்சளடித்த கீழ் இலை ஒன்றைப் பறித்துவந்தார். மறுபடியும் சட்டைமேல் வைத்தார். "மக்னீசியச் சத்துக் குறைவு. செடியைப் பிடுங்க வேண்டாம்." கடைசி வார்த்தையைப் படிக்கும்போது அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. பிறகு பையிலிருந்து கிழிந்து நைந்த ஓர் இலையை எடுத்தார். அதை எங்கிருந்து கொண்டுவந்தாரோ, யாருக்கும் சொல்லவில்லை. ஃபோன் கொஞ்ச நேரம் யோசித்தது. "உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நிலையத்தைத் தொடர்பு கொள்ளவும்."

"தெரியலைன்னு சொல்ற ஃபோனை இப்பத்தான் பார்க்கறேன்!" என்று ஒருவர் சத்தம் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மா அந்த இலையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நோயில்லம்மா. ஆடு கடிச்சது" என்றார். சிரிப்பு இன்னும் பெரிதானது. அன்றைக்கு எல்லோர் மனசிலும் நின்றது அந்தத் 'தெரியவில்லை'தான். இவ்வளவு உண்மை பேசுகிற பொருள் நம்மிடம் ஒன்று இருக்கட்டும் என்று, அங்கேயே நின்று ஃபோனில் போட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்கா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். ஸ்டுடியோவின் தோளைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"இவன் என் தம்பி" என்றார். "போன பருவம் இவன் பேச்சைக் கேட்டு ரெண்டு வரிசையைப் பிடுங்கிப் போட்டேன். அதை இவங்க மறைக்கல. தப்புன்னு வீடு வீடா வந்து சொன்னாங்க. திரும்ப வந்து வெயில்ல நின்னு சரி பண்ணாங்க. இந்த நிலையம் நம்மளோடது. இவன் அங்க வேலை பாக்கறான்."

ஸ்டுடியோ எத்தனையோ பாராட்டைக் கேட்டிருக்கிறார். மணமேடைகளில் கேட்டிருக்கிறார், நடைகூடத்தில் இயக்குநர் வாயால் கேட்டிருக்கிறார். இது வேறு.

"என்னடா மசமசன்னு நிக்கறே? என்னையும் டாக்டரம்மாவையும் சேர்த்து ஒரு படம் எடு" என்று அக்கா தன் ஃபோனை அவர் கையில் திணித்தார்.

அவர் எடுத்தார். தலையைச் சீவுங்கள் என்று சொல்லவில்லை. தோளை இறக்கச் சொல்லவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. கண் நிறைந்துபோய் எதுவும் சரியாகத் தெரியவும் இல்லை. ஒரே தட்டு.

அக்கா வாங்கிப் பார்த்தார். படம் சாய்ந்திருந்தது. டாக்டரம்மா கண்ணை மூடியிருந்தார். மூலையில் பெரிதாக, மங்கலாக ஏதோ ஒன்று.

"டேய், உன் கட்டைவிரல் விழுந்திருக்குடா!"

"இன்னொண்ணு எடுத்துக் குடுக்கறேன்க்கா."

"ஒண்ணும் வேண்டாம். இதுதான் நல்லா இருக்கு."

இப்போது நிலையத்தின் நடைகூடத்தில், துணிகளின் முன்னால் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும் இலைப் படங்களுக்கு நடுவே, இந்தப் படத்தையும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் மற்றப் படங்களை ஆஹா என்று பார்த்துக்கொண்டே வந்து, இதன் முன்னால் நின்று முகத்தைச் சுளிப்பார்கள். இதை யார் எடுத்தது என்று கேட்பார்கள். எந்த மூலையில் என்ன வேலையில் இருந்தாலும் ஸ்டுடியோ சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வந்துவிடுவார்.

"நான்தான்" என்பார்.